இன்னும் வராத புள்ளி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசணும்ப்பா" என்றார். வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேச எனக்குத் தகுதி இல்லை. கோவையில் பம்ப் மோட்டார் செய்கிற ஓர் ஆலையில் சாதாரணப் பொறியாளனாக இருக்கிறேன். அதனால், "அண்ணே, அடுக்குக்குறிச் சார்பின் வரைபடத்தைப் பற்றிப் பேசுறேன்" என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தலைப்பு எனக்கு வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். பதினோராம் வகுப்புப் படிக்கிறான். போன விடுமுறையில் கிராஃப் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இந்தக் கோடு ஏன் முதல்ல படுத்தே கிடக்கு, அப்புறம் திடீர்னு எந்திரிச்சு நிக்குது? எந்த இடத்துல மாமா அது எந்திரிக்குது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவன் வயதில் நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும். அதை இன்று உங்களிடம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

கூட்டலும் பெருக்கலும்

பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை என்று இரண்டு படித்திருப்பீர்கள். 2, 4, 6, 8 என்று ஒவ்வோர் அடிக்கும் 2 கூடினால் முதல் வகை. அதை வரைந்தால் நேர்கோடு. 2, 4, 8, 16 என்று ஒவ்வோர் அடிக்கும் 2 மடங்கானால் இரண்டாம் வகை. அதன் புள்ளிகளைச் சேர்த்தால் வருவதுதான் அடுக்குக்குறிச் சார்பின் கோடு. சமமான அடி எடுத்து வைத்தால் சமமாகக் கூடுவது நேர்கோடு, சமமாகப் பெருகுவது இந்தக் கோடு. இந்த ஒரு வாக்கியம் பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இப்போது ஒரு கிராஃப் தாளை எடுங்கள். இரண்டு அச்சிலும் 1 செ.மீ. என்றால் 1 அலகு. 2-இன் எக்ஸ் அடுக்கை வரையுங்கள். எக்ஸ் 0 என்றால் உயரம் 1 செ.மீ. 3 என்றால் 8 செ.மீ. 4 என்றால் 16 செ.மீ. 5-க்குப் போனால் 32 செ.மீ., தாளை விட்டு வெளியே போய்விட்டது. 10-க்குப் போனால் 10 மீட்டருக்கு மேல், மூன்று மாடிக் கட்டடம். 20-க்குப் போனால் 10 கிலோமீட்டருக்கு மேல். இங்கே திண்டுக்கல்லில் தாளை வைத்துப் படுக்கவாட்டில் நீட்டினால் கோட்டின் நுனி சின்னாளபட்டியை நெருங்கிவிடும். எக்ஸ் அச்சில் நாம் நகர்ந்ததோ 20 செ.மீ., ஓர் அடிக்கோலின் நீளம்கூட இல்லை. 30-க்குப் போனால் 10,737 கிலோமீட்டர். பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர்தான்.

இடது பக்கம் வாருங்கள். எக்ஸ் -5 என்றால் உயரம் 0.3 மில்லிமீட்டர். உங்கள் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் கோடு அச்சோடு ஒட்டிப் படுத்திருப்பது போலத் தெரிகிறது. ஆனால் ஒட்டவில்லை. எவ்வளவு தூரம் போனாலும் பாதி, பாதியில் பாதி என்று ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும். அந்த அச்சைத்தான் தொலைத்தொடுகோடு என்கிறோம்.

அப்படியானால் என் அக்கா மகன் கேட்ட கேள்விக்கு என்ன பதில்? கோடு எந்த இடத்தில் எழுந்து நிற்கிறது? எந்த இடத்திலும் இல்லை! அது முதல் புள்ளியிலிருந்தே ஒரே வேலையைத்தான் செய்கிறது, ஒவ்வோர் அடிக்கும் 2 மடங்கு. நாம் எடுத்த அளவுத்திட்டம்தான் ஒரு பக்கத்தைப் படுக்கவும் மறுபக்கத்தை நிமிரவும் வைக்கிறது. 1 செ.மீ. என்றால் 1,000 அலகு என்று மாற்றி வரையுங்கள். முன்பு செங்குத்தாக நின்ற இடம் இப்போது படுத்துவிடும். "திடீர்னு" என்பது கோட்டில் இல்லை தம்பி, நம் கண்ணில் இருக்கிறது.

பூட்டுப் பட்டறையில்

என் அப்பா பூட்டுத் தொழிலாளி. இந்த ஊரில் இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் அறிவீர்கள். நாகல் நகர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. மாங்காய்ப் பூட்டில் ஆறு லீவர், எட்டு லீவர் இரண்டும் செய்வார். அப்பா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அடுக்குக்குறிச் சார்பை முதலில் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

சின்ன வயதில் ஒரு நாள், "ஆறு லீவருக்கும் எட்டு லீவருக்கும் ரெண்டு தகடுதானே வித்தியாசம், விலை ஏன்ப்பா இவ்வளவு கூட?" என்று கேட்டேன். அப்பா அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தகடு ரெண்டுதான்டா கூடுது. ஆனா கள்ளச்சாவி போடுறவன் கஷ்டம் கூடல, பெருகுது."

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லீவரையும் நான்கு உயரங்களில் ஏதாவது ஒன்றில் வைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சாவியின் வெட்டும் அதற்குத் தக்கபடி மாறும். ஒரு லீவர் என்றால் 4 விதமான சாவி. இரண்டு என்றால் 16. ஆறு லீவருக்கு 4,096. ஏழுக்கு 16,384. எட்டுக்கு 65,536. இரண்டே இரண்டு தகடு கூடியது, சாவிகளின் எண்ணிக்கை 16 மடங்கானது. இதுதான் 4-இன் எக்ஸ் அடுக்கு. அடிமானம் 4, அடுக்கு லீவரின் எண்ணிக்கை. அப்பா கைக்குள் இந்தக் கணக்கு இருந்தது.

புரோநோட்டு

1997-ல் அலிகார் பூட்டுப் போட்டி, பித்தளை விலை என்று தொழில் நொடித்தபோது அப்பா 50,000 ரூபாய் கடன் வாங்கினார். மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். யாரிடம் என்பது இங்கே வேண்டாம்.

அந்தக் கடனின் வட்டி தனி வட்டிதான். கூட்டு வட்டி என்று யாரும் பேசவில்லை, எழுதவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் நோட்டு செல்லாது. அதனால் கடன் கொடுத்தவர்கள் மூன்று ஆண்டு முடிவதற்கு முன்பு, "நோட்டை மாத்தி எழுதிடுவோம்" என்பார்கள். எழுதும்போது நிலுவை வட்டியையும் அசலோடு சேர்த்து ஒரே தொகையாக எழுதுவார்கள். ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் நேர்கோடு. ஆனால் நோட்டிலிருந்து நோட்டுக்குப் போகும்போது பெருக்கல்.

மாதம் 3 என்றால் மூன்று ஆண்டுக்கு நூற்றுக்கு 108. ஆக ஒவ்வொரு முறை நோட்டை மாற்றும்போதும் கடன் 2.08 மடங்கு. நடுவில் அப்பா கொடுத்த சில்லறைத் தொகைகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன். 1997-ல் 50,000. 2000-ல் 1,04,000. 2003-ல் 2,16,320.

2003-ல் அப்பா மூன்றாவது நோட்டில் கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன். மேல்நிலை வகுப்பு. அடுக்குக்குறிச் சார்பின் வரைபடத்தை மனப்பாடமாக வரைவேன். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி, அதை வைத்து 2005-ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். பீரோவில் இருந்த நோட்டும் என் கிராஃப் தாளும் ஒன்றுதான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அப்பாவுக்குப் பூட்டில் தெரிந்தது, நோட்டில் தெரியவில்லை. எனக்குப் பரீட்சையில் தெரிந்தது, வீட்டில் தெரியவில்லை.

2006-இல் இரண்டாமாண்டு விடுமுறை. நோட்டு மாற்ற வேண்டிய மாதம். தொகை 4,49,946 ரூபாய் என்று அப்பா சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வகப் பதிவேட்டிலிருந்து ஒரு கிராஃப் தாளைக் கிழித்து, நான்கு புள்ளிகளையும் வைத்தேன். பிறகு, ஐந்தாவதாக 2009-க்கு ஒரு புள்ளி வைத்தேன். 9,35,887 ரூபாய். தாளின் மேல் விளிம்பில் போய் நின்றது. அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு அச்சு, அளவுத்திட்டம் எதுவும் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "லீவர் கூட்டுன மாதிரில்ல போகுது" என்றார்.

அன்று ராத்திரியே முடிவு செய்தார். நோட்டை மாற்றி எழுதவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மனையையும் பட்டறையின் பிரஸ் இயந்திரத்தையும் விற்றுக் கடனை அடைத்தார். அதற்குப் பிறகு இன்னொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போனார். அந்தப் பருவத்துக்கு என் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டிய நண்பன் இதோ இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவான், அதனால் சொல்லவில்லை.

அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழக அரசு 2003-லேயே சட்டம் கொண்டுவந்திருந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்தாவது புள்ளி. இந்த வரைபடத்தின் பயன் நடந்து முடிந்ததைக் காட்டுவது அல்ல. இன்னும் வராத புள்ளியைக் காட்டுவது. அதை 2003-ல் வைத்திருந்தால் பாதிக்கும் குறைவான தொகையோடு போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாமாதம் வட்டியை அசலில் சேர்ப்பதையும், சேர்க்காமல் விடுவதையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். மூணு வட்டியில் 100 ரூபாய் மூன்று மாதம் கழித்துத் தனி வட்டியில் 109, கூட்டு வட்டியில் 109 ரூபாய் 27 காசு. இரண்டு கோடும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டு ஆண்டில் 172-க்கு 203. ஐந்து ஆண்டில் 280-க்கு 589. பிரிவது தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். 1683-ல் யாக்கோப் பெர்னூலி என்ற சுவிஸ் அறிஞர், வட்டியை இன்னும் இன்னும் சிறிய இடைவெளியில் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் நீங்கள் படிக்கிற இ என்ற எண், 2.718. பாடப்புத்தகத்தின் அந்த எண்ணே வட்டிக் கணக்கில் பிறந்ததுதான்.

விகிதத்தைக் கேள்

சரி, கண் ஏமாற்றும் என்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? வழுக்குப் பாறையில் ஏறுகிறவன் பாறையைப் பார்த்தால் போதாது, காலடியைப் பார்க்க வேண்டும். சம இடைவெளியில் அளவுகளை எடுத்து, ஒன்றை அதற்கு முந்தையதால் வகுத்துப் பாருங்கள். விகிதம் மாறாமல் இருந்தால் அடுக்குக்குறி. வித்தியாசம் மாறாமல் இருந்தால் நேர்கோடு.

நாம் எல்லோரும் பட்ட ஓர் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். 2020-ல் கொரோனாக் காலத்தில் தினமும் மாலை எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை மார்ச் 31-ல் 124. ஏப்ரல் 30-ல் 2,323. மே 31-ல் 22,333. ஜூன் 30-ல் 90,167. ஜூலை 31-ல் 2,45,859. சாதாரணக் கிராஃப் தாளில் வரைந்தால் ஏப்ரல் மாதம் தரையோடு தரை, ஜூலை மாதம் மலை. ஏப்ரலில் "நம்ம ஊர்ல ஒண்ணும் இல்ல" என்று டீக்கடையில் பேசினோம். ஜூலையில் அலறினோம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஏப்ரலில் ஏறத்தாழ 19 மடங்கு. மே மாதம் 9.6 மடங்கு. ஜூனில் 4 மடங்கு. ஜூலையில் 2.7 மடங்கு. பரிசோதனைகள் இடையில் கூடின என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் பாடம் தெளிவு. கோடு தரையில் படுத்திருந்த மாதத்தில்தான் பெருக்கம் மிக வேகம். மலையாக நின்ற மாதத்தில் விகிதம் குறைந்துகொண்டிருந்தது. ஜூலையில் மக்கள் பட்ட துயரம் சிறியது என்று நான் சொல்லவில்லை, ஒரே மாதத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். ஆனால் எச்சரிக்கை மணி அடித்தது ஏப்ரலில்.

இதற்காகவே நம் ஆய்வகத்தில் செமி-லாக் தாள் கொடுப்பார்கள். அதில் 1-லிருந்து 10-க்கும், 10-லிருந்து 100-க்கும், 100-லிருந்து 1,000-க்கும் ஒரே தூரம். அந்தத் தாளில் அடுக்குக்குறிச் சார்பு நேர்கோடாகிவிடும். கோடு நேராகப் போனால் விகிதம் மாறவில்லை. வளைந்து படுத்தால் பெருக்கம் தணிகிறது. நாங்கள் படித்த காலத்தில், பரிசோதனை முடிவதற்கு முன்பே கோட்டை வரைந்துவிட்டுப் புள்ளிகளைப் பிறகு வைத்தவர்களும் உண்டு. பெயர்கள் வேண்டாம், சிலர் இன்று பெரிய பதவியில் இருக்கிறார்கள்.

இறங்கும் கோடு

அடிமானம் 1-க்கும் 0-வுக்கும் நடுவே இருந்தால் அதே கோடு இறங்கும். என் வேலையே அதுதான். மோட்டார் காயிலின் இன்சுலேஷனுக்குப் பொறியாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் ஒரு விதி உண்டு. தாங்கும் வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சரியான வெப்பத்தில் 20,000 மணி நேரம் ஓடும் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 8 மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 7 ஆண்டு. 10 டிகிரி கூடினால் மூன்றரை ஆண்டு. 20 கூடினால் 625 நாள். 30 கூடினால் 312 நாள், ஓர் ஆண்டுகூட இல்லை.

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள், "போன மோட்டார் ஏழு வருஷம் ஓடுச்சு, இது ஒரே வருஷத்துல காயில் போயிடுச்சு, உங்க கம்பெனி பொருள் சரியில்ல" என்பார்கள். போய்ப் பார்த்தால் தாழ்ந்த மின்னழுத்தம், காற்றுப் புகாத தகரக் கொட்டகை, நண்பகல் வெயில். பத்துப் பத்து டிகிரியாக மூன்று அடி. அவர்கள் கூட்டிப் பார்க்கிறார்கள், மோட்டார் வகுத்துக்கொண்டிருக்கிறது. கொட்டகையில் இரண்டு ஜன்னல் வையுங்கள் என்று நான் சொல்வதெல்லாம் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

முடிவாக

தம்பி தங்கைகளே, இன்று நோட்டு, கையெழுத்து எதுவும் இல்லாமல் செல்போனில் விரலால் தொட்டாலே கடன் வருகிறது. வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் கல்விக் கடன் வாங்கித்தான் படிப்பை முடித்தேன். வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை வட்டி அசலில் சேர்கிறது? சேரும்போது எத்தனை மடங்காகிறது? நான் அடைப்பதற்குள் எத்தனை முறை சேரும்? இவை அடி, அடிமானம், அடுக்கு. வேறொன்றும் இல்லை. கையில் தாள் இல்லாவிட்டால் 72-ஐ வட்டி விகிதத்தால் வகுங்கள், இரட்டிப்பாகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். மாதம் 3 சதவீதம் என்றால் 24 மாதம்.

இதே கோடு உங்கள் பக்கமும் நிற்கும். ஆண்டுக்கு 7.2 சதவீதம் வளரும் சேமிப்பு பத்து ஆண்டில் இரட்டிப்பாகும். 25 வயதில் போட்ட 1,000 ரூபாய் 65 வயதில் 16 மடங்கு. 35 வயதில் போட்டால் 8 மடங்குதான். முதல் சில ஆண்டுகள் "ஒண்ணும் ஏறலயே" என்று தோன்றும். கோடு படுத்திருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். விகிதத்தைப் பாருங்கள்.

அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. அந்தக் கிராஃப் தாள் மட்டும் எங்கள் வீட்டுப் பீரோவில், கிழித்துப்போட்ட பழைய நோட்டுகள் இருந்த இடத்தில் இருக்கிறது. போன விடுமுறையில் அதை எடுத்து அக்கா மகனிடம் காட்டினேன். ஐந்தாவது புள்ளியைத் தொட்டு, "இது வந்துச்சா தாத்தா?" என்று கேட்டான். "வரவிடலடா" என்றார் அப்பா.